சக்கரம் கட்டிய கடல்கன்னி

நியூயார்க் போறீங்களா பாஸ்? போனதும் டைம்ஸ் ஸ்கொயரில் நின்று, அண்ணாந்து பார்த்து, கழுத்து வலிக்கிற வரைக்கும் போட்டோ எடுத்து முடித்துவிடுங்கள். அந்தக் கடமை முடிஞ்சாச்சா? இப்போது 47-வது தெருப் பக்கம் ஒரு சிவப்புப் படிக்கட்டு தெரியும். அதற்கு அடியில்தான் அன்றைய நாடகங்களுக்குத் தள்ளுபடி டிக்கெட் விற்கும் கவுன்ட்டர். அங்கிருந்து தெற்கே ஒரே ஒரு தெரு நடந்து, வலது கைப் பக்கம் திரும்புங்கள். மேற்கு 46-வது தெரு. இடம் வந்தாச்சு.

எதிரும் புதிருமாக இரண்டு தியேட்டர்கள் இருக்கின்றன. ஒன்று லண்ட்-ஃபான்டேன். 1910-ல் 'குளோப்' என்ற பெயரில் திறந்து, 1958-ல் ஆல்ஃபிரட் லண்ட் - லின் ஃபான்டேன் என்ற நடிகத் தம்பதியின் பெயரைச் சூட்டிக்கொண்ட அரங்கம். எதிர்ப்பக்கம் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ். அது பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். நாம் முதலில் நிற்க வேண்டியது லண்ட்-ஃபான்டேன் வாசலில்தான். ஏனென்றால், 2008 ஜனவரி 10-ம் தேதி ஒரு கடல்கன்னி கரை ஒதுங்கிய இடம் அதுதான்.

டிஸ்னியின் 'தி லிட்டில் மெர்மெய்ட்' கார்ட்டூன் படம் வந்தது 1989-ல். வீட்டில் கேசட் தேயத் தேயப் பார்த்த வாண்டுகள் எல்லாம் 2008-ல் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிற வயசுக்கு வந்துவிட்டார்கள். படம் மேடை ஏறுகிறது என்றதும் அவர்கள்தான் முதலில் துள்ளிக் குதித்தார்கள். நல்ல சீட் வேண்டுமென்றால் 100 டாலருக்கு மேல் அழ வேண்டும். அழுதார்கள். ஆரம்ப வாரங்களில் கல்லா நன்றாகவே கட்டியது.

உள்ளே போனவர்கள் பார்த்தது என்ன? தண்ணீர் இல்லாத கடல்! தண்ணீர் வேண்டாம் சார், யாரும் அதைக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வந்ததுதான் சிக்கல். மேடை முழுக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சிற்பங்கள். இயக்குநர் ஃபிரான்செஸ்கா ஜாம்பெல்லோ, செட் போட்ட ஜார்ஜ் சிபின், இருவருமே ஓபரா உலகத்தில் பெரிய கைகள். கடல்கன்னிகளும் மீன்களும் நீந்த வேண்டுமே? குதிகாலில் சக்கரம் வைத்த ஷூவை மாட்டிவிட்டார்கள். 'ஹீலீஸ்' என்று அந்தக் காலத்தில் ஷாப்பிங் மால்களில் பொடிசுகள் சர்ர்ரென்று வழுக்கிக்கொண்டு போனார்களே, அதே சமாச்சாரம். கடலின் மாயம் என்று காட்டப்பட்ட பொருள், பார்க்க வந்த குழந்தையின் வீட்டு ஷூ ஸ்டாண்டில் இருந்திருக்கலாம். கொடுமை இல்லையா?

வெளியே வந்தவர்கள் சொன்னதைக் கேட்டால் ஒரே நாடகம்தானா என்று சந்தேகம் வரும். சின்னப் பிள்ளைகளுக்குக் குறை எதுவும் இல்லை. ஏரியல் வந்தாள், பாடினாள், செபாஸ்டியன் நண்டு ஆடியது, போதும். அம்மா அப்பாக்களில் பலர், 'குழந்தை சந்தோஷமா இருந்துச்சு, அவ்வளவுதான்' ரகம். பொறிந்து தள்ளியவர்கள் அந்த 1989 வாண்டுகள்தான். படத்தில் மலைபோல வளர்ந்து நிற்பாளே உர்சுலா, கப்பலைக் கொண்டு இளவரசன் மோதுவானே... மேடையில் அது கிடையாது. ஏரியல் ஒரு சங்கை உடைத்ததும் வில்லியின் கதை முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த உர்சுலா, ராஜா ட்ரைட்டனுக்குத் தங்கச்சியாம்! விமர்சகர்களும் சும்மா விடவில்லை. நியூயார்க் டைம்ஸின் பென் பிராண்ட்லி அந்த ஷூவை மட்டும் ஒப்புக்குப் பாராட்டுகிற மாதிரிப் பாராட்டி, அடுத்த மூச்சிலேயே அந்தப் பாராட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

திட்டியவர்களில் பலரும் ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டார்கள். ஏரியலாக வந்த சியாரா பொகெஸ்ஸின் குரல். மேடைப் பாடல்கள் 2008-லேயே ஆல்பமாக வந்தன. கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள், கடல் கேட்கும். கண்ணைத் திறந்தால்தான் பிளாஸ்டிக்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அந்தப் படமே ஒரு மேடைக்காரன் செய்தது. பாடல்களை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன், 1982-ல் 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' என்று ஒரு நாடகம் போட்டார். மனுஷனைத் தின்னும் செடிதான் அதில் நாயகம். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து ஆட்டிய பொம்மைச் செடி அது. எல்லோருக்கும் தெரியும் அது பொம்மை என்று. ஆனாலும் பயந்தார்கள், சிரித்தார்கள். அந்த வித்தையைத்தான் இசையமைப்பாளர் ஆலன் மென்கெனோடு சேர்ந்து கார்ட்டூனுக்குள் கொண்டு போனார். ஆசையைச் சொல்லி நாயகி பாடும் 'பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்' பாட்டு அச்சு அசல் மேடை உத்தி.

அந்தப் பாட்டே வெட்டுப்பட இருந்தது தெரியுமா? படம் முடிவதற்கு முன்பு, பாதி வரைந்த நிலையில் ஒரு சோதனைக் காட்சி போட்டார்கள். பாட்டு வந்ததும் குழந்தைகள் நெளிந்தார்கள். ஸ்டூடியோ தலைவர் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க், 'தூக்கிடுங்க' என்ற முடிவுக்கே வந்துவிட்டார். ஆஷ்மனும் இயக்குநர்களும் மல்லுக்கட்டிக் காப்பாற்றினார்கள். கலர் சேர்த்து அடுத்த முறை காட்டியபோது அதே பாட்டுக்குக் குழந்தைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதனால், 'ஆடியன்ஸ் சொன்னா சரி' என்று கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவும் எனக்குத் தயக்கம்தான். ஆஷ்மன் 1991-ல் எய்ட்ஸால் இறந்தபோது வயது 40. மேடைக்காக வேண்டிய புதுப் பாடல்களை கிளென் ஸ்லேட்டர் எழுதினார். பழசு எது, புதுசு எது என்று ஒட்டுத் தையல் தெரிந்தது என்றார்கள். பாவம், அவர் என்ன செய்வார்!

இப்போது அப்படியே ஒரு தெரு தெற்கே வாங்க. நடுவில் ஒரே ஒரு பிரம்மாண்ட ஹோட்டல், அதைத் தாண்டினால் மின்ஸ்காஃப் தியேட்டர். 'தி லயன் கிங்' அங்கேதான் ஓடுகிறது. 1997-ல் வேறு அரங்கில் தொடங்கி 2006-ல் இங்கே குடி வந்த நாடகம். அதுவும் டிஸ்னி, அதுவும் கார்ட்டூன். ஆனால் இயக்குநர் ஜூலி டேமோர் சிங்கத்தை ஒளிக்கவில்லை, மனிதனையும் ஒளிக்கவில்லை. முகமூடி தலைக்கு மேலே, நடிகரின் முகம் கீழே. ஒட்டகச்சிவிங்கி என்றால் கை கால் நான்கிலும் கட்டை கட்டி நடக்கும் ஆள். மிச்சத்தை நீங்க பார்த்துக்குங்க என்று விட்டுவிடுகிறார்கள். நாமும் பார்த்துக்கொள்கிறோம். கடல்கன்னியில் அந்த மிச்சத்தை யாரும் நம்மிடம் தரவில்லை. பிளாஸ்டிக்கை வைத்து நிரப்பிவிட்டு, 'இதுதான் கடல், நம்பு' என்றார்கள். சும்மா நீலத் துணியை இரண்டு பேர் இழுத்து ஆட்டியிருந்தாலும் நம்பியிருப்போம்.

சரி, அந்த எதிர்த் தியேட்டர் கதைக்கு வருவோம். அதே 2008 மார்ச்சில் ரிச்சர்ட் ராட்ஜர்ஸில் 'இன் தி ஹைட்ஸ்' தொடங்கியது. பாடல்களை எழுதி, இசையமைத்து, நடித்தவர் லின்-மானுவல் மிராண்டா. அந்த வருட டோனி விருதில் சிறந்த பாடல்களுக்கான போட்டியில் கடல்கன்னியும் இருந்தது, அவரும் இருந்தார். அவர் ஜெயித்தார். ஒளியமைப்புக்கான இன்னொரு பரிந்துரையும் கடல்கன்னிக்குக் கைகூடவில்லை. 2009 ஆகஸ்ட் 30-ம் தேதி, 685 காட்சிகளோடு கடையைக் கட்டினார்கள். இதே மேடையில் அதற்கு முன்பு வருடக்கணக்கில் ஓடிய 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' மொத்தம் 5,461 காட்சிகள் கண்டது!

மிராண்டாவோ சின்ன வயசிலிருந்தே 'லிட்டில் மெர்மெய்ட்' பைத்தியம். 2023-ல் டிஸ்னி அதை நிஜ நடிகர்களை வைத்து மறுபடி படமாக எடுத்தபோது, மென்கெனோடு சேர்ந்து புதுப் பாட்டு எழுதியவர் அவர்தான்.

நாடகமும் செத்துப் போகவில்லை. 2012-ல் நெதர்லாந்தில் கிளென் காசலே என்ற இயக்குநர் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பியில் கட்டி ஏரியலை அந்தரத்தில் நீந்த விட்டார். கதையையும் செதுக்கினார்கள். அந்தத் திருத்திய பிரதிதான் பிற்பாடு அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களுக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கும் போனது. உங்கள் பயணத்தில் ஏதாவது ஒரு ஸ்கூல் வாசலில் அந்த போஸ்டரைப் பார்த்தால் தயங்காமல் உள்ளே போங்கள். அங்கே செட்டுக்குக் காசு இருக்காது.

46-வது தெருவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பு ஒரு வேலை பாக்கி. ஹெட்போனை மாட்டி அந்த 2008 ஆல்பத்தை ஓட விட்டு, லண்ட்-ஃபான்டேன் வாசலில் ஓரமாக நின்று ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்கள். ஒரே நிமிஷம்தான். டாக்ஸிக்காரன் ஹாரன் அடிப்பான்.