காணி லுலுவின் வழி வந்தது

மார்செய் நகரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தூரத்தில், மத்தியதரைக் கடலோரம் பந்தோல் என்றொரு சிறுபட்டினம் இருக்கிறது. பிரான்சிலுள்ள உறவினரிடம் போயிருந்தபோது அங்கு ஒரு நாள் செல்லக் கிடைத்தது. பட்டினத்துக்கு உட்புறமாக, கல் அடுக்கிக் கட்டிய படிவரிசைகளில் முந்திரிகை நிற்கிறது. எங்கள் யாழ்ப்பாணத்தைப் போலப் பந்தல் இல்லை. குறுக வெட்டிவிட்ட குட்டைச் செடிகள். மண் மட்டும் பழகியதாகத் தெரிந்தது. அங்கேயும் சுண்ணாம்புக்கல்தான்.

வைனைப் பற்றி எழுத மனம் கூசுகிறது. குடியால் கலைந்த வீடுகளுக்குத் தினமும் போய்வருகிற வேலை என்னுடையது. ஆனாலும் தொம்பியே தோட்டத்தின் கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை, சகோதரிகளே.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி பிரான்சின் முந்திரிகை வேர்களைத் தின்று அழித்தது. அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுப்போட்டுத்தான் மீண்டும் நட்டார்கள். மூர்வெத்ர் என்ற பழைய கறுப்பு இனம் இலகுவில் ஒட்டவில்லை. விவசாயிகள் அதைக் கைவிட்டு, கூடக் காய்க்கிற இனங்களை வைத்தார்கள். யார் அவர்களைக் குறை சொல்வது? அழிந்த காணிக்குத் திரும்புகிறவருக்கு முதலில் வேண்டியது அடுத்த விளைச்சல்.

தொம்பியே குடும்பத்துப் பெண் லுலு, 1936இல் லூசியன் பெய்ரோவை மணம் முடித்தார். பூச்சிக்கு முந்திய காலத்துப் போத்தல் ஒன்றை லுலுவின் தகப்பனார் மருமகனுக்குக் கொடுத்தாராம். அந்தச் சுவையை மீட்பதே லூசியனின் வாழ்நாள் வேலையாயிற்று. 1940இல், நாடு ஜேர்மனியரிடம் வீழ்ந்த ஆண்டில், தோட்டத்துக்குக் குடிவந்தார்கள். 1941இல் பந்தோல் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அவர்களது முதல் சிவப்பு வைனோ 1951 அறுவடையில்தான். பிள்ளைகள் ஏழு பேர்.

இன்று சட்டப்படி பந்தோல் சிவப்பு வைனில் பாதியாவது மூர்வெத்ர் இருக்க வேண்டும். கையால்தான் பறிக்க வேண்டும். 18 மாதமாவது மரப்பீப்பாவில் கிடக்க வேண்டும். தடித்த தோலும் விதையும் சாற்றோடு ஊறுவதால் துவர்ப்பு இறங்குகிறது. ஒரு மிடறு வாயில் வைத்துப் பார்த்தேன். சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணி போல நாக்கைப் பிடித்தது. அந்தத் துவர்ப்புத்தான் வைனைப் பல வருடம் கெடாமல் தாங்குகிறது. வைக்க வைக்க முரட்டுத்தனம் அடங்குமாம்.

புகழ் பெரும்பாலும் லூசியனுக்கே போகிறது. காணியோ, எங்கள் சீதனக் காணி போல, பெண்ணின் வழி வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் விறகுத் தணலில் சமைத்துப் பரிமாறி, வைனின் பெயரை வெளியே கொண்டு போனவர் லுலு. அவருடைய சமையலைப் பற்றி ரிச்சர்ட் ஓல்னி என்ற அமெரிக்கர் 1994இல் ஒரு நூலே எழுதினார். அதை விருந்தோம்பல் என்கிறார்கள். வியாபாரம் என்றே நான் சொல்வேன்.

லுலு 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில், 102 வயதில் காலமானார்.