தண்டர்பேர்டுக்கு ஆள் வந்திருக்கிறது

செம்பாக்கம்,
8.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்குச் சளி விட்டுவிட்டது. உன் தண்டர்பேர்டு பைக்கை விற்கும் விஷயத்தைப் போனில் பேசினால் பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முதலில் வந்தவன் மாடம்பாக்கத்துப் பையன். உயரமான ஹேண்டில்பாரையும் மேட் கறுப்பு டேங்கையும் பார்த்ததுமே கேட்ட விலைக்குச் சரி என்றான். ஆனால் படிவம் 29, 30 இரண்டிலும் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டுமாம், பெயரை அவன் அப்புறம் மாற்றிக்கொள்வானாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பல கை மாறிய கார் ஒன்று விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் மாறாமலே இருந்ததால், எப்போதோ விற்றுவிட்டவர் தலையில் நஷ்டஈடு விழுந்தது. நீ தோஹாவில் இருக்கும்போது இங்கே யாரோ ஓட்டுகிற வண்டிக்கு நீ பதில் சொல்லும்படி ஆகக் கூடாது.

இரண்டாவதாக வந்தவர் சேலையூர்க்காரர். கூடவே தன் மெக்கானிக்கையும் கூட்டி வந்தார். அந்த மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் எஞ்சினைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறோமா என்று பார்க்கிறார் என மாமா சொன்னார். ஹெட் ஓரமாக விரலால் தடவினார், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. டார்ச் அடித்துச் சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தார். கிளாசிக் 350-இல் இருந்த அதே 346 சி.சி. எஞ்சின்தான், பாகங்களுக்குப் பஞ்சமில்லை என்று அவரே சொன்னார். ஓட்டிப் பார்க்கப் போகும்போது, மாமா கேட்காமலே, தன் லைசென்ஸையும் ஸ்கூட்டர் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனார் அந்தச் சேலையூர்க்காரர். அதிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் கேட்பது ஒன்றுதான்: வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்க வேண்டும். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறைகூட உண்டு. ஆர்.சி.யில் நீலம் என்று இருக்க, டேங்க் கறுப்பாக இருந்தால் பெயர் மாற்றத்தின்போது கேள்வி வரும். நீ சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் போன பழைய சைலன்சர், ஹேண்டில்பார், சீட் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எலிகூடத் தொடவில்லை. அவற்றைத் திரும்ப மாட்டி, டேங்குக்கு நீல பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடலாம். தண்டர்பேர்டு தயாரிப்பு 2020-இல் நின்று அதன் இடத்தில் மீட்டியோர் வந்துவிட்டதால், மாற்றாத வண்டியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வண்டியை நீ எவ்வளவு ஆசையாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். முதல் சம்பளங்களெல்லாம் அதில்தான் போயின. அந்தச் செலவை வாங்குகிறவரிடம் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். நீ மாட்டிய ஹேண்டில்பாரையும் பேக்ரெஸ்ட்டையும் கழற்றி உனக்கென்று எடுத்து வைக்கிறேன். நாளைக்கு வேறு வண்டி வாங்கினால் உதவும். இல்லாவிட்டால் புதுப்பேட்டையில் கொடுத்துக்கொள்.

சேலையூர்க்காரர் 80,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார், பொங்கல்வரை காத்திருக்கவும் தயார். நீ விடுப்பில் வந்ததும் தாம்பரம் ஆர்.டி.ஓ. வேலையை முடித்துவிடலாம். விற்றதை 14 நாளுக்குள் தெரிவிப்பது நம் பொறுப்பு. லோன் முடிந்ததற்கு பேங்க் கொடுத்த என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் உன் ஃபைலில்தான் இருக்கின்றன, மறக்காமல் கொண்டு வா. ஆர்.சி. புத்தகத்தில் அந்த லோன் இன்னும் அப்படியே இருக்கிறது, முதலில் அதை நீக்க வேண்டும். இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் உனக்குத்தான் சொந்தம், அதற்கும் கடிதம் வாங்கி வைத்துக்கொள்.

சம்மதம் என்றால் ஒரு வரி எழுது. அவரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பெயின்டரிடம் விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா