எழுத்தை அழித்தல்

ஸ்காபரோவில் ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில் நாங்கள் நாலு பேர் வேலை. மூன்று பேர் முப்பதுகளில் இருக்கிறோம். நாலாமவர் சமையல்கார அண்ணை, அறுபதைத் தாண்டியவர். மூவரும் ஊரில் பல்கலைக்கழகம் போனோம், ஒருவரும் முடிக்கவில்லை. 2008இல் பாதியில் விட்டது விட்டதுதான்.

கோப்பை கழுவும் இடத்திலிருந்து பார்த்தால் முன்பக்கத்துத் தொலைக்காட்சி பாதி தெரியும். மாரியில் எந்நேரமும் ஹொக்கிதான். மேப்பிள் லீவ்ஸ் தோற்ற ஓர் இரவு, சாப்பிட வந்த ஒருவர் எங்கள் ஆட்களை 'ஒப்ளிற்றறேற்' பண்ணிவிட்டார்கள் என்று மேசையில் தட்டினார். தடயமே இல்லாமல் அழித்துவிட்டார்களாம். அடுத்த கிழமையும் அதே ஆட்கள் விளையாட வந்தது வேறு கதை.

படிப்புப் போனாலும் அகராதி பார்க்கும் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. பார்த்தோம். லத்தீனில் 'ஒப்' என்றால் எதிராக, மேலே. 'லித்தெரா' என்றால் எழுத்து. எழுத்தை இல்லாமல் செய்வதுதான் அந்தச் சொல்லின் பிறப்பு. ரோமர் மெழுகு பூசிய பலகையில் கூரான கோலால் எழுதினார்கள். கோலின் மறுமுனை தட்டை. அதால் தேய்த்தால் மெழுகு சமமாகும், எழுத்துப் போய்விடும். ஆங்கிலத்துக்கு வந்தபின் அந்தச் சொல் நகரங்களை அழிப்பதற்கும் ஆகிவிட்டது, ஹொக்கியில் தோற்பதற்கும் ஆகிவிட்டது.

தமிழுக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. கொப்பியில் பிழையாக எழுதியதையும் அழிக்கிறோம், ஊரையும் அழிக்கிறார்கள். சின்ன வயதில் எங்கள் பெட்டிக்குள் கிடந்தது அழிறப்பர். ஆனால் எழுத்தாணியால் ஓலையில் கீறியது மெழுகு மாதிரி அல்ல, தேய்த்துப் போகாது. ஓலையையே இல்லாமல் செய்யவேண்டும்.

1981இல், மே முடிந்து யூன் பிறந்த நேரம், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அதைத்தான் செய்தார்கள். பொலிஸாரும் அவர்களோடு வந்தவர்களும் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன, ஏடுகளும் சேர்ந்து. பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் புனித பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அந்த நெருப்பைப் பார்த்தார். பார்த்த அதிர்ச்சியிலேயே உயிர் போயிற்று. நாங்கள் மூவரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பக் கட்டிய வெள்ளைக் கட்டிடம்.

சொல்லின் கதையை அண்ணைக்குச் சொன்னோம். கேட்டுக்கொண்டே வெங்காயம் வதக்கினார். அப்போது அவர் பள்ளிக்கூடப் பொடியன். நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்று அவர் வீட்டில் இருந்ததாம். தவணை கடந்துவிட்டது, குற்றப்பணத்துக்குப் பயந்து கொடுக்காமல் வைத்திருந்தார். எரிந்தபின் கொடுக்க இடமில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில், சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, உடுப்பும் அரிசியும் எடுத்தவர் அதை எடுக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை.

"என்ன புத்தகம் அண்ணை?"

அகப்பையை வைத்துவிட்டுக் கனநேரம் யோசித்தார்.

"பேர் வருதில்லையடா தம்பி. பச்சை மட்டை. முதல் பக்கத்திலை நூலகத்தின்ரை சீல் குத்தியிருந்தது."