முத்திரை விழாத பக்கங்கள்

ஜெருசலேமுக்கும் பெய்ரூத்துக்கும் இடையே வானவழித் தொலைவு ஏறத்தாழ 235 கிலோமீட்டர். நேர்ப்பாதை கிடையாது. இஸ்ரேல் சென்றதற்கான தடயம் கடவுச்சீட்டில் இருந்தால் லெபனான் உள்ளே விடாது. 2018இல் நாங்கள் இருவரும் இரண்டு ஊர்களையும் ஒரே பயணத்தில் பார்க்க முடிவெடுத்தபோது அம்மான் வழியாகச் சுற்றிப்போவதைத் தவிர வேறு வழி தென்படவில்லை. எங்களிடம் இருந்தவை பிரிட்டன் கடவுச்சீட்டுகள் என்பதால் இஸ்ரேலுக்கு முன்கூட்டி விசா பெறவேண்டிய தேவை அன்று இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் கதையே வேறு.

2013 வாக்கிலேயே இஸ்ரேல் முத்திரைக்குப் பதிலாக ஒரு சிறு தாளைத் தரத் தொடங்கிவிட்டது. நுழைகையில் நீலம், வெளியேறுகையில் இளஞ்சிவப்பு. ஆனால் அண்டை நாட்டின் முத்திரையும் காட்டிக்கொடுக்கும். எகிப்தின் தாபா எல்லையில் குத்திய முத்திரையைப் பார்த்தால் போதும், அங்கிருந்து வேறெங்கே போயிருக்க முடியும் என்பது எந்த அதிகாரிக்கும் தெரியும்.

ஆகவேதான் ஜோர்டான் நதிமீதுள்ள அந்தப் பாலம். இஸ்ரேலியருக்கு அது ஆலன்பி, ஜோர்டானியருக்கு மன்னர் ஹுசைன், பாலஸ்தீனருக்கு அல்-கராமே. மேற்குக் கரையை 1950இல் தன்னோடு இணைத்துக்கொண்ட ஜோர்டான் 1988இல்தான் அந்த உறவைத் துண்டித்தது. பழைய உரிமையின் நிழல் இன்னும் அந்தப் பாலத்தில் மிஞ்சியிருக்கிறது போலும். அங்கே கடந்தால் நாட்டைவிட்டு வெளியேறியதாகவே கணக்கில்லை. அதே வழியில் திரும்பினால் பழைய விசாவே செல்லும். எங்கள் கடவுச்சீட்டின்படி இரண்டு வாரமும் நாங்கள் ஜோர்டானிலேயே இருந்தோம். அதே பாலத்தில் வேறொரு வரிசையில் நின்ற பாலஸ்தீனக் குடும்பங்களுக்கு இத்தகைய விளையாட்டு எதுவும் வாய்க்காது. மேற்குக் கரையில் வாழும் பெரும்பாலோருக்கு வெளியுலகுக்கான வாசலே அதுதான்.

பெய்ரூத்துக்கு விமானம் ஏறுமுன் அம்மானில் பைகளைக் கவிழ்த்துத் துழாவினோம். ஷெக்கல் நாணயங்கள், ஹீப்ரு அச்சிட்ட ரயில் சீட்டுகள், மருந்துக்கடை ரசீது. கைப்பேசியிலிருந்த படங்களையும் அழித்தோம். ஆக்கா நகரின் படங்களை அழிக்கும்போது மட்டும் கை தயங்கியது. எங்கள் லண்டன் அண்டைவீட்டுக்காரரின் தாயார் 1948இல் சிறுமியாக விட்டுவந்த ஊர் அது. பெய்ரூத்தின் புர்ஜ் அல்-பராஜ்னே முகாமில் வசிக்கும் அவரைப் பார்ப்பதே இந்தப் பயணத்தின் நோக்கமாக இருந்தது. இஸ்ரேல் போனீர்களா என்று கேட்டால் என்ன சொல்வது என்று விமானத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வந்தோம். அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை.

பேரன் மொழிபெயர்க்க, அம்மூதாட்டியிடம் வாயால்தான் ஊரைச் சொல்ல முடிந்தது. கடல்மதில் நிற்கிறது, அல்-ஜஸ்ஸார் பள்ளிவாசலின் பச்சைக் குவிமாடம் நிற்கிறது, துறைமுகத்தில் படகுகள் உண்டு. மீன்சந்தைக்கு அருகே ஒரு படிக்கட்டு இருந்ததே என்றார். நாங்கள் படிக்கட்டுகள் பலவற்றில் ஏறியிறங்கியிருந்தோம். அவர் சொல்வது எது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசாதிருந்துவிட்டு, கடவுச்சீட்டைக் காட்டச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு பேரனிடம் ஏதோ கேட்டார். ஆக்கா எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்கிறார் என்றான் அவன்.