சித்தி வீட்டுப் பட்டயம்

லண்டனில் ஃபிளாட் வாங்கிய நம் ஆட்களுக்கு லீஸ் என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். மிச்சமிருக்கும் வருஷம் 80-க்குக் கீழே இறங்கினால், 1993 சட்டப்படி நீட்டிப்புக்கு 'மேரேஜ் வேல்யூ' என்று ஒன்றும் விலையில் ஏறிக்கொள்ளும். (2024-ல் வந்த சட்டம் அதை எடுக்கச் சொல்கிறது. எந்தப் பிரிவு அமலுக்கு வந்தது என்று உங்கள் சொலிசிட்டரிடமே கேளுங்கள்.) அதனால் சர்வேயர், சொலிசிட்டர் என்று முன்கூட்டியே பிடித்துவிடுகிறோம். ஊர் வீட்டுப் பத்திரத்தை மட்டும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வீடு திருவனந்தபுரம் பக்கம் என்றால் கட்டாயம் பாருங்கள்.

என் சித்திக்கு நேமத்தில் 22 சென்ட். சித்தப்பாவின் அப்பா நாகர்கோவிலிலிருந்து போய், 1958-ல் ஒரு ஜென்மி குடும்பத்திடம் குழிக்காணமாக எடுத்தது. குழிக்காணம் என்றால், வெறும் நிலத்தை வாங்கித் தென்னையும் பலாவும் வைத்து, பலனை அனுபவித்துக்கொண்டு ஜென்மிக்குப் பாட்டம் கொடுப்பது. அவர் வைத்த தென்னையில் சில இன்னும் காய்க்கின்றன. ஆனால் கையில் இருந்ததோ அந்தச் சீட்டு, நாலைந்து பாட்ட ரசீது, வீட்டு வரி ரசீது. வில்லேஜ் ஆபீஸ் கணக்கில் நிலம் இன்னமும் ஜென்மி பெயரில்!

சித்திக்கு எண்பதைத் தாண்டியாச்சு, தனி ஆள். விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கலாம் என்று ஏற்பாடு. வாங்க வந்தவருடைய பேங்க் வக்கீல் பேப்பரைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார். "அறுபது வருஷமா இங்கதான கெடக்கோம் மக்களே, பின்ன இது யாரு வீடு?" என்று சித்தி போனில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

புரோக்கர் ஒரு வழி சொன்னார். ஜென்மியின் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்துத் தீராதாரம் எழுதி வாங்கிவிடலாமாம். அவர்கள் கேட்டது சின்னத் தொகை இல்லை.

நல்லவேளை, நிலக் கேஸ் மட்டுமே பார்க்கிற ஒரு வக்கீலம்மா கிடைத்தார். அவர் சிரித்துவிட்டார். 1963-ம் வருஷத்து கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 1969-ல் திருத்தப்பட்ட பிறகு, 1970 ஜனவரி 1 முதல் குடியான் கையில் இருந்த நிலத்தில் ஜென்மியின் உரிமை அரசுக்குப் போய்விட்டது. அதைக் குடியானுக்குக் கொடுப்பது லேண்ட் டிரிப்யூனல். தங்களிடம் இல்லாததை வாரிசுகள் எப்படி விற்பார்கள்?

டிரிப்யூனலில் மனு போட்டார். வாரிசுகளுக்கு நோட்டீஸ், அதிகாரி வந்து இடத்தைப் பார்த்தது, வாய்தா எல்லாம் சேர்த்து பதினான்கு மாதம். இதில் பெரிய சாட்சி சித்திதான். 1965-ல் கல்யாணமாகி வந்தவர். எந்த மரம் எப்போது வைத்தது, பாட்டம் வாங்க யார் வருவார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். கடைசியில் கிரய சர்ட்டிபிகேட் வந்தது. ஊர் வழக்கில் பட்டயம். உரிமைக்கு அதுவே முடிவான சான்று என்று சட்டத்தின் 72கே பிரிவு சொல்கிறது. அதைக் காட்டித்தான் போக்குவரவு செய்து, சித்தி பெயரில் கரம் கட்ட முடிந்தது.

எல்லா நிலத்துக்கும் இந்த வழி சரிவராது. அரசு நிலம் வேறு கணக்கு. பத்மநாபசுவாமி கோயிலின் ஸ்ரீபண்டாரவகை நிலத்துக்குக் கேரளத்தில் 1971-ல் தனிச் சட்டம். (அதன் ஆங்கிலப் பெயரில் 'என்ஃபிராஞ்சைஸ்மெண்ட்' என்று வரும். லண்டன் சொலிசிட்டர்கள் சொல்லும் அதே வார்த்தை!) கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபண்டாரவகைக்குத் தமிழ்நாடு 1964-லேயே தனிச் சட்டம் போட்டது. நாகர்கோவில்காரர்கள் பழைய பத்திரத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால், புரோக்கரிடம் போகாமல் வக்கீலிடம் போங்கள்.

பட்டயம் வந்த பிறகு சித்தி விற்க மாட்டேன் என்கிறார். "இப்பதான எம்பேருக்கு வந்திருக்கு, ஒரு வருஷம் இருந்துட்டு வாறேன்." கோயம்புத்தூரிலிருந்து தங்கச்சி போன் போட்டு என்னைத் திட்டுகிறாள் :-)