கீமோ கேட்காத புற்று

மார்ச் 4
சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது என்றார் சித்தப்பா. பித்தப்பையில் கல்லாக இருக்கும் என்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார் டாக்டர். கல் இல்லை, இடது சிறுநீரகத்தில் 3.5 செ.மீ. கட்டி. சிறுநீரில் ரத்தம், விலா வலி, கையில் தட்டுப்படும் கட்டி மூன்றும் சிறுநீரகப் புற்றின் பாடப்புத்தக அறிகுறிகள். இப்போது பத்தில் ஒருவருக்குக்கூட அவை சேர்ந்து வருவதில்லையாம். பலருக்கும் இப்படி வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் அகப்படுகிறது.

மார்ச் 8
கிரியேட்டினின் பார்த்துவிட்டு, மருந்து ஏற்றி சி.டி. எடுத்தார்கள். மருந்து ஏறியதும் கட்டி பளிச்சென்று வெளுத்து, பிறகு மங்கியதை யூராலஜி டாக்டர் திரையில் காட்டினார். சதை எடுத்துப் பார்க்க வேண்டாமா என்றார் சித்தி. “படமே தெளிவா இருக்கும்மா. எப்படியும் வெட்டி எடுக்கத்தான் போறோம், அப்புறம் லேப்ல பார்த்துக்கலாம்.” பீடியும் பிரஷரும் உண்டா என்று கேட்டார். சித்தப்பா பிரஷரை மட்டும் ஒப்புக்கொண்டார்.

மார்ச் 20
ஆபரேஷன் முடிந்தது. 4 செ.மீ.க்குள் என்பதால் கட்டியை மட்டும் எடுத்தார்கள். ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு நிறுத்தி, அரை மணிக்குள் வெட்டித் தைத்துவிட வேண்டும். தாமதித்தால் மிச்சம் வைத்ததும் கெடும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஆள் பிழைக்கலாம் என்பதை 1869இலேயே ஹைடல்பெர்க்கில் குஸ்டவ் சைமன் என்ற அறுவை மருத்துவர் காட்டிவிட்டார். ஆனாலும் பிரஷர்காரருக்கு அரைச் சிறுநீரகம்கூடச் சொத்துதான்.

மார்ச் 22
பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: கீமோ எப்போது, முடி கொட்டுமா? வழக்கமான கீமோ இந்தப் புற்றிடம் அநேகமாக எடுபடாது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு நுரையீரல்வரை பரவிவிட்டது. போன வருஷம் சிறுநீர் சிவப்பாகப் போனபோது உடல் சூடு என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். இப்போது சுனிடினிப் மாத்திரை, 4 வாரம் சாப்பிட்டு 2 வாரம் ஓய்வு. கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை முளைக்கவிடாமல் தடுக்கும் மருந்து; 2006இல் வந்தது. உள்ளங்கை உரிந்து, தண்ணீர்ச் செம்பைத் துண்டு சுற்றிப் பிடிக்கிறார். இம்யூனோதெரபி ஊசியும் உண்டு. அதன் விலையை அவர் மகன் என்னிடம் தனியாக வந்து சொன்னான்.

ஏப்ரல் 5
லேப் ரிப்போர்ட் வந்தது: கிளியர் செல் வகை, வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை. மேற்கொண்டு மருந்து வேண்டாம், வருஷக்கணக்கில் ஸ்கேன் மட்டும். அமெரிக்கக் கணக்குப்படி, சிறுநீரகத்துக்குள் இருக்கும்போதே பிடிபட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 5 ஆண்டைத் தாண்டுகிறார்கள்; தூரத்து உறுப்புக்குப் போய்விட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். சிறுநீர் ஒரு தடவை சிவந்து, வலியில்லாமல் தானே தெளிந்தாலும் இளநீரோடு விட்டுவிடாதீர்கள். ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.