பெயரோ நகரும் வீடு!

பெயர் பொய் சொல்லும்போது, அந்தப் பொய்க்கு விலை கொடுப்பவன் பெரும்பாலும் ஏழையாகவே இருக்கிறான். நமது ஊரிலே இதைப் பலமுறை கண்டிருக்கிறோம். கடல் கடந்த நாட்டிலும் அதே கதைதான் என்பதை, அமெரிக்காவின் ‘மொபைல் ஹோம்’ குடியிருப்புகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு உணர்ந்தோம். நிலவிலே மனிதனை நடக்கவைத்த நாடு அது. அந்த நாட்டிலே சுமார் இரண்டு கோடிப் பேர், தொழிற்சாலையிலே செய்து, வண்டியிலே இழுத்துவந்து நிறுத்திய வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களிலே பல லட்சம் குடும்பங்களுக்கு வீடு சொந்தம். வீடு நிற்கும் மனை சொந்தமன்று. மனைக்கு மாதந்தோறும் வாடகை கட்டுகிறார்கள். மனையின் சொந்தக்காரர் ஒருநாள், “குடியிருப்பை மூடுகிறேன், வீட்டை எடுத்துக்கொண்டு போங்கள்” என்கிறார். அந்த நாளிலே என்ன நடக்க வேண்டும் என்பதற்கு நகரங்களும் மாநிலங்களும் விதிகள் வகுத்திருக்கின்றன. அந்த விதிகளைத்தான், தோழர்களே, இந்தக் கட்டுரையிலே எடைபோட விரும்புகிறோம்.

‘மொபைல் ஹோம்’ என்றால் நகரும் வீடு. அவை வரிசையாக நிற்கும் இடத்திற்குப் ‘பார்க்’ என்று பெயர், அதாவது பூங்கா! கேட்பதற்கு எவ்வளவு இனிமை! பூங்காவிலே நகரும் வீடு. வேண்டும்போது வரலாம், வேண்டாதபோது போகலாம் என்றல்லவா எண்ணத் தோன்றுகிறது? உண்மையிலே அந்த வீடு நகருமா?

நகராது. தொழிற்சாலையிலிருந்து இழுத்து வரும்போது சக்கரங்கள் இருக்கும். மனையிலே நிறுத்தியதும் பெரும்பாலும் அவற்றைக் கழற்றிவிடுவார்கள். தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மின்கம்பி எல்லாம் இணைக்கப்படும். குடியிருப்பவர் முன்புறத்திலே தாழ்வாரம் இறக்குவார். பக்கத்திலே செடி வைப்பார். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு ஓடும். அடியிலுள்ள இரும்புச் சட்டம் துருவேறும். பெயர்த்தெடுக்க ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். பெயர்த்தெடுத்தாலும் வழியிலே உடையாமல் போய்ச் சேருமா என்பது ஐயம். போய்ச் சேர்ந்தாலும் இறக்கிவைக்க வேறொரு குடியிருப்பிலே மனை வேண்டும். இவ்வகை வீடுகளுக்கு நாடு முழுவதற்குமான கட்டுமான விதிகள் நடைமுறைக்கு வந்தது 1976ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள். அதற்கு முன் செய்யப்பட்ட வீடு என்றால், பல குடியிருப்புகள் வாயிற்படியிலேயே மறித்துவிடுகின்றன.

இது நமது கற்பனையன்று. 1992ஆம் ஆண்டு, எஸ்கான்டிடோ நகரத்தின் வாடகைக் கட்டுப்பாடு பற்றிய வழக்கிலே, அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதை எடுத்துக் காட்டியது. நூறு வீடுகளில் ஏறத்தாழ ஒன்றுதான் வைத்த இடத்தை விட்டு என்றேனும் நகர்த்தப்படுகிறது என்று தீர்ப்பிலே எழுதினார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நகராத ஒன்றுக்கு நகரும் வீடு என்று பெயர்! பெயர் மட்டுமா? பல மாநிலங்களிலே அதற்கு உரிமைப் பத்திரமும், மோட்டார் வண்டிக்குக் கொடுப்பதைப் போலத்தான் கொடுக்கப்படுகிறது. வண்டி என்று பதிவு செய்துவிட்டால், “வண்டியை ஓட்டிக்கொண்டு போ” என்று சொல்வது எளிதாகிவிடுகிறது அல்லவா?

குடியிருப்பு ஏன் மூடப்படுகிறது? தொடங்கிய காலத்திலே அந்த நிலம் ஊருக்கு வெளியே இருந்திருக்கும். ஊர் வளர்ந்தது, நிலத்தின் விலை ஏறியது. அடுக்குமாடி கட்டுபவர் வந்து ஒரு தொகை சொல்கிறார். மாத வாடகை எத்தனை ஆண்டு வாங்கினாலும் சேராத தொகை. விலையை ஏற்றியது நகரத்தின் வளர்ச்சி. அந்த வளர்ச்சிக்குத் தோள் கொடுத்தவர்களிலே, அங்கே குடியிருந்த தோட்டக்காரரும் சமையல்காரரும் துப்புரவுப் பணியாளரும் உண்டு. ஏறிய விலை மட்டும் ஒருவருக்கே சேருகிறது.

கலிபோர்னியா மாநிலத்தின் சட்டத்தைப் பாருங்கள். குடியிருப்பை மூட விரும்புபவர், மூடுவதால் குடியிருப்போருக்கு என்ன நேரும் என்பதை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கையின் படி ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் போய்ச் சேர வேண்டும். நகர மன்றம் பொது விசாரணை நடத்த வேண்டும். அனுமதிகள் எல்லாம் கிடைத்த பிறகும், குறைந்தது ஆறு மாத அறிவிப்பு கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு என்றே நாமும் சொல்வோம். கேள்வி கேட்கப்படாமல் துரத்தப்படுவதைவிட, கேள்வி கேட்க ஒரு மன்றம் இருப்பது மேல். ஆனால் அந்தச் சட்டத்தின் உள்ளேயும் நீண்ட காலம் அந்தப் பழைய பொய் பதுங்கியிருந்தது. மனைக்காரர் செய்ய வேண்டிய உதவி, குடிபெயர்வதற்கு ஆகும் நியாயமான செலவைத் தாண்டக் கூடாது என்று அது வரம்பு கட்டியது. குடிபெயர்கிற செலவு! வீடே பெயராது என்னும்போது, பெயர்க்கிற செலவை எந்த அளவுகோலால் அளப்பது?

இந்தக் கேள்வி பாலோ ஆல்ட்டோ என்ற நகரத்திலே வெடித்தது. கணிப்பொறித் தொழிலின் தலைவாசல் அது. பக்கத்திலேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். ஒரு சாதாரண வீடே இருபது லட்சம் டாலரைத் தாண்டி விற்ற ஊர். அங்கே இருந்த ஒரே மொபைல் ஹோம் குடியிருப்பு பியூனா விஸ்டா. ஏறத்தாழ நானூறு பேர் வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் உழைப்பாளிகள். 2012ஆம் ஆண்டு, குடியிருப்பை மூடுவதற்கு மனைக்காரர்கள் விண்ணப்பித்தார்கள். நகரத்திற்கென்று தனி விதி இருந்தது. அறிக்கை, மதிப்பீடு, விசாரணை, மேல்முறையீடு எல்லாம் முறைப்படி நடந்தன. 2015ஆம் ஆண்டு நகர மன்றம், இழப்பீட்டு நிபந்தனைகளோடு, மூடலாம் என்று ஒப்புதல் கொடுத்தது.

அந்த விசாரணையிலே குடியிருப்போர் எழுப்பிய வாதம்தான் நம்மை நிமிர்ந்து உட்காரவைத்தது. “எங்கள் வீட்டைத் தகரமும் பலகையும் என்று எண்ணி மதிப்பிடாதீர்கள். இந்த ஊரின் பள்ளிக்கூடத்திலே எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். நாட்டிலேயே பேர்பெற்ற பள்ளிகள் இவை. இங்கிருந்து போனால் அந்தப் பள்ளி போகிறது. அதற்கு மதிப்பு எங்கே?” என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

பள்ளிக்கூடத்திற்கு என்ன விலை? ஆசிரியராக இருப்பதால் இந்தக் கேள்வி நம்மை எளிதில் விட்டு விலகவில்லை. நமது வகுப்பின் வருகைப் பதிவேட்டிலே, ஆண்டின் நடுவிலே அடிக்கப்பட்ட பெயர்கள் உண்டு. ஆற்றங்கரைக் குடிசைகள் அகற்றப்பட்டு, குடும்பம் தொலைவிலே குடியேற்றப்பட்ட பிள்ளைகள் அவர்கள். மாற்றுச் சான்றிதழிலே, ‘பெற்றோர் இடம் மாறியதால்’ என்று நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். இடம் மாறினார்களா, மாற்றப்பட்டார்களா என்று கேட்க அந்தப் படிவத்திலே கட்டம் இல்லை.

ஒருநாள் எட்டாம் வகுப்புக் குடிமையியல் பாடத்திலே, “உங்கள் வீட்டின் மதிப்பு எவற்றால் ஆனது?” என்று கேட்டோம். செங்கல், ஓடு, கதவு என்று தொடங்கினார்கள். ஐந்து நிமிடம் கழிந்ததும் கரும்பலகையிலே வேறு பட்டியல் வளர்ந்தது. குழாயடி பக்கம், பாட்டி வீடு அடுத்த தெரு, கடைக்காரர் கணக்கிலே எழுதிக்கொண்டு கடன் தருவார், அம்மா வேலைக்குப் போகும்போது தங்கச்சியைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள், பள்ளிக்கூடத்திற்கு நடந்தே வரலாம். செங்கல்லை வண்டியில் ஏற்றலாம். இந்தப் பட்டியலை எந்த வண்டியில் ஏற்றுவது? பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் புரிந்த இந்தக் கணக்கு, பட்டம் பெற்ற மதிப்பீட்டாளர்களுக்குப் புரிய எத்தனை ஆண்டுகள் ஆயின!

கலிபோர்னியாவிலே 2020ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, 2021 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. வெளியேற்றப்படும் வீட்டுக்காரருக்கு வேறு குடியிருப்பிலே தகுந்த இடம் கிடைக்காவிட்டால், அவர் வீடு நின்ற இடத்திலேயே நிற்பதாகக் கொண்டு, அதற்குள்ள சந்தை விலையை மனைக்காரர் கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். மதிப்பிடுபவர் மாநிலத்தின் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். அறிக்கை, விசாரணைக்கு அறுபது நாள் முன்பே குடியிருப்போர் கையிலே இருக்க வேண்டும். முன்பு பதினைந்து நாள் போதும் என்றிருந்தது. மூடுவதால் ஏழைகளுக்கான வீட்டுப் பஞ்சம் பெருகுமா என்பதையும் நகர மன்றம் ஆராய்ந்து சொல்ல வேண்டும். ‘நின்ற இடத்திலேயே’ என்ற அந்தச் சொற்களிலே, நகரும் வீடு என்ற பொய் சட்டத்தின் வாயாலேயே மறுக்கப்பட்டது!

மறுபக்கத்தாரின் கேள்வியையும் மறைக்காமல் எடுத்து வைப்போம். பகுத்தறிவு பேசுபவர் எதிர்வாதத்தைக் கண்டு ஒளியலாகாது. “நிலம் என்னுடையது. என் தொழிலை நான் மூடக் கூடாதா? இவ்வளவு சுமையை ஏற்றினால், இனி எவன் இப்படியொரு குடியிருப்பைத் தொடங்குவான்?” என்று மனைக்காரர் கேட்கிறார். நியாயம் கலந்த கேள்விதான். மூடும் உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் மூடுவதால் ஒரு செலவு பிறக்கிறது. அந்தச் செலவை எவரேனும் சுமந்தே தீர வேண்டும். விலையேற்றத்தால் ஆதாயம் பெறுகிற மனைக்காரர் சுமக்கலாம், மலிவான உழைப்பால் பயன்பெற்ற ஊர் சுமக்கலாம், இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். விதி இல்லாவிட்டால் சுமப்பவர் மூன்றாமவர்: எழுபது வயதிலே, துருவேறிய வீட்டோடு தெருவிலே நிற்கும் மூதாட்டி! விதி சுமையை உண்டாக்குவதில்லை. சுமை எந்தத் தோளில் ஏற வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது.

வேறு வழிகளைக் கண்ட ஊர்களும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் டம்வாட்டர் நகரம், 2009ஆம் ஆண்டு, இத்தகைய குடியிருப்புகளுக்கென்றே நில வகை ஒன்றை வகுத்தது. நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது அதனால் எளிதாக இல்லாமற் போயிற்று. மனைக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2012ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித் என்னும் ஊரிலே, 1984ஆம் ஆண்டு, குடியிருப்போரே கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் மனைகளை விலைக்கு வாங்கினார்கள். அதன் பிறகு அந்த மாநிலத்திலே பல குடியிருப்புகள் அவ்வழியே நடந்தன.

எல்லா இடத்திலும் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. மினசோட்டா மாநிலத்திலே, செயின்ட் அந்தோணி நகரத்தின் லவுரி குரோவ் குடியிருப்பு 2016ஆம் ஆண்டு விற்கப்பட்டது. சட்டம் கொடுத்த உரிமையைப் பற்றிக்கொண்டு, அதே விலைக்குத் தாங்களே வாங்குவதாகக் குடியிருப்போர், வீட்டுவசதி அமைப்பு ஒன்றின் துணையோடு முன்வந்தார்கள். ஏற்கப்படவில்லை. வழக்காடினார்கள். 2017 ஜூனிலே குடியிருப்பு மூடப்பட்டது. ஏட்டிலே உரிமை இருப்பது வேறு. அது காலத்திலே கைக்கு எட்டுவது வேறு.

பியூனா விஸ்டா என்னவாயிற்று? நகர மன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகும் குடியிருப்போர் ஓயவில்லை. சங்கமாகக் கூடினார்கள், நீதிமன்றம் ஏறினார்கள், ஊராரிலே பலர் அவர்களோடு நின்றார்கள். 2017ஆம் ஆண்டு, சான்டா கிளாரா மாவட்டத்தின் வீட்டுவசதி ஆணையம், நகரமும் மாவட்டமும் பணம் போட, அந்த நிலத்தை நான்கு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. குடியிருப்பு மூடப்படவில்லை. செலவை ஊரே தோளிலே ஏற்றுக்கொண்டது!

நமக்கு இதிலே என்ன என்று கேட்பவர் இருக்கலாம். பிறர் மனையிலே தன் வீடு என்ற சிக்கல் நமக்குப் புதியதன்று. 1922ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டடம் கட்டியவரை வெளியேற்றுவதானால் கட்டடத்தின் மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்றது. அந்த நிலத்தைத் தனக்கே விற்கும்படி ஆணையிடக் கோரி அவர் நீதிமன்றத்தை நாடவும் வகை செய்தது. உழவுத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1971ஆம் ஆண்டு வந்தது. ஆகவே, கலிபோர்னியாக் குடும்பத்தின் கேள்வியைப் புரிந்துகொள்ள நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

இளைஞர்களே! எந்த ஊரிலே ஒரு குடியிருப்பு அகற்றப்படுகிறது என்று கேள்விப்பட்டாலும், கண்ணீர் வடிப்பதோடு நின்றுவிடாதீர்கள். விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மதிப்பிடுபவர் யார்? எதை மதிப்பிடுகிறார்: பலகையையா, வாழ்வையா? குடியிருப்போரைக் கேட்டது முடிவுக்கு முன்னா, பின்னா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால், அந்த விதி யாருக்காக எழுதப்பட்டது என்பது தானே தெரிந்துவிடும். பெயர்ப்பலகையிலே என்ன எழுதியிருந்தாலும் சரி, மனிதன் வேரூன்றிய இடத்திற்கு வீடு என்றே பெயர். அதைப் பெயர்ப்பவர், வேருக்கும் சேர்த்து விலை கொடுக்கட்டும்!